கீமோவுக்குப் போன எல் போர்டு வண்டி

ஜனவரி 18

இடது காது அடைத்துக்கொண்டு மூன்று மாதம் ஆகிறது. என் டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிறவர்கள் எல்லாம் முணுமுணுக்கிறார்கள் என்று நினைத்து அவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இன்று ஆனைமலை ரோட்டில் பயிற்சிக்கு வரும் பேங்க் அம்மா ஒருவர் "அக்கா, லாரி" என்று இரண்டு முறை சொன்னாராம். எனக்குக் கேட்கவில்லை. லாரி கண்ணில் பட்டதால் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். பயிற்சி வண்டி என்பதால் இரண்டு பேர் காலடியிலும் பிரேக் உண்டு. அந்த அம்மா நாளை வருவாரா என்று தெரியவில்லை.

காலையில் மூக்கைச் சிந்தினால் ரத்தம். கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கால்நடை ஆய்வாளர். இருபத்தெட்டு வருடமாகப் பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள மாடுகளைத் தடவிப் பார்ப்பவர். என் கழுத்தையும் அப்படியே பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

வலிக்கவில்லை என்றதும் அவர் முகம் மாறியது.

"மாட்டுக்கு வலிக்காத கட்டி வந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்றேன்.

"கோயமுத்தூருக்கு எழுதிக் குடுப்பேன்" என்றார்.

ஜனவரி 31

மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சந்து இருக்கிறதாம். அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. புற்றுநோய், மூன்றாம் கட்டம். காது அடைத்ததும், மூக்கில் ரத்தம் வந்ததும், கழுத்தில் கட்டி வந்ததும் எல்லாம் அதே ஆசாமியின் வேலைதான்.

டாக்டர் சுபாஷிணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். படம் போட்டு விளக்கினார். "அறுத்து எடுக்கற எடம் இல்லீங்கம்மா. ஆனா இந்த நோய் கீமோவுக்கும், கரண்டுன்னு சொல்ற கதிர்வீச்சுக்கும் நல்லாக் கேக்கும். மொதல்ல மூணு சுற்று கீமோ. அப்புறம் முப்பத்திமூணு நாள் கரண்ட், அதோட வாரம் ஒரு கீமோ."

"சொன்னாக் கேக்குங்களா?" என்றார் இவர். "அப்பிடி ஒண்ணு எங்கூட்டுல இருக்கறது இதுதானுங்க மொதலு."

டாக்டர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். இவர் பக்கத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோகிலா டிரைவிங் ஸ்கூலில் படித்து லைசென்ஸ் வாங்கியவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல். கோகிலாவின் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லிக்கொடுத்தேன். நேராக ஒரு வைக்கோல் போரில் கொண்டுபோய் நிறுத்தினார். அதற்குப் பிறகு டிவிஎஸ் ஃபிஃப்டிதான்.

பிப்ரவரி 3

இவர் கார் ஓட்டப் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டர் போய் வர வேண்டும், அதற்காகத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

அதோடு கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வது, வாஷிங் மெஷின் போடுவது, வீட்டு வரி ரசீது எந்த டப்பாவில் இருக்கிறது, ரசத்துக்கு எப்போது புளி கரைப்பது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். நான் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் வேண்டுமே. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை, யார் வந்து செய்வார்கள்?

நோட்டை வாங்கிப் பார்த்தார். "நாப்பது பக்கம் இருக்குதே. ரெண்டு நாளைக்கா?" என்றார்.

பிப்ரவரி 12

முதல் கீமோ. நானே ஓட்டிக்கொண்டு போனேன். டாக்டர் திட்டினார். ஸ்கூலில் எனக்கு உதவியாக இருக்கும் பிரேமலதா பஸ் ஏறி வந்து திரும்ப ஓட்டிப்போவதாக ஏற்பாடு.

மருந்து கொஞ்சம்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் சலைன் பாட்டில் பாட்டிலாக ஏறுகிறது. போகும் சிறுநீரை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் அளந்து எழுத வேண்டும். சிறுநீரகத்துக்கு நல்லதாம். அளக்கும் பொறுப்பை இவர் ஏற்றுக்கொண்டார். ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறம் பார்த்து, "நல்லா இருக்குது" என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னார். எதிர்க் கட்டிலில் இருந்தவர்கள் எனக்குப் பாராட்டுத் தெரிவித்தார்கள்.

சலைன் மெதுவாக இறங்குகிறது என்று இவருக்குக் குறை. "மாட்டுக்கு இந்நேரம் மூணு பாட்டில் ஏத்திருப்பேன்" என்று சொல்லிக்கொண்டு குழாயில் கை வைத்தார். சிஸ்டர் ஜிஷா பாலக்காட்டுக்காரப் பெண். ஓடி வந்து கையைத் தட்டிவிட்டாள்.

"சேட்டா, இது மாடு இல்லா கேட்டோ!"

"தெரியுஞ் சிஸ்டர். மாடா இருந்தா இந்நேரம் ஒதச்சிருக்கும்."

பிப்ரவரி 14

வாந்தி ஏழு முறை. எட்டு என்கிறார் இவர். எண்ணிக்கையில் தகராறு.

பிப்ரவரி 20

உறவுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். எல்லோருக்கும் என் தலைமேல்தான் கண். எனக்குக் கொடுக்கும் மருந்தில் முடி மொத்தமாகக் கொட்டாது, கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை நம்ப ஆள் இல்லை. உடுமலைச் சித்தி என் சடையைப் பிடித்து ஒருமுறை இழுத்தே பார்த்தாள்.

"முடி அப்பிடியே இருக்குதே கோகிலா. நல்ல டாக்டராப் பாக்கக்கூடாதா?"

பிப்ரவரி 26

இவருக்கு எல்.எல்.ஆர். கிடைத்துவிட்டது. தெய்வசிகாமணி, வயது ஐம்பத்தைந்து. கம்ப்யூட்டர் தேர்வில் சாலைக் குறி எல்லாம் சரி. ஆறு மாதம் செல்லும், ஒரு மாதம் கழித்து ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கலாம்.

மாலையில் மைதானத்தில் முதல் பாடம். கிளச்சை விடுங்கள் என்றால் விட்டுவிட்டுக் காலையும் எடுத்து மேலே வைத்துக்கொள்கிறார். பிரேக் பிடிப்பதற்குப் பதிலாக, மாட்டை நிறுத்துவது போல, "ஹோ... ஹோ..." என்கிறார்.

"ஏனுங்க, வாயில சொன்னா நிக்காதுங்க! கால்ல மிதிக்கோணும்!"

"நீ கத்தாத புள்ள. கத்துனா மெரண்டுக்கும்."

"யாருங்க மெரளும்? மாருதியா?"

"நானுந்தான்."

மார்ச் 4

இரண்டாம் சுற்று. இவர் ஓட்டினார், எல் போர்டு மாட்டிய வண்டியில், நான் பக்கத்தில். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு இரண்டே முக்கால் மணி நேரம். வழியில் ஒரு டிராக்டர் எங்களை முந்தியது. தண்ணீர்க் குடம் கட்டிய சைக்கிள் ஒன்று கொஞ்ச தூரம் கூடவே வந்தது. நாங்கள் வரமாட்டோம் என்று நினைத்து என் கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

திரும்பும்போது ஒரு கையில் வாந்திப் பை, ஒரு கால் பிரேக்கில். "லெஃப்ட்ல..." என்று ஆரம்பித்தால் மீதி பைக்குள் போகிறது. இவர் வண்டியை ஓரம் நிறுத்தி, முதுகைத் தடவிவிட்டு, மறுபடி எடுக்கிறார். அப்படி ஆறு முறை நிறுத்தினோம். ஆறு முறையும் இண்டிகேட்டர் போட்டார். அதைக் குறித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது.

மார்ச் 28

மூன்றாவது சுற்று முடிந்து மூன்றாம் நாள். காலையில் பல் துலக்கும்போது இடது காதில் டப்பென்று ஒரு சத்தம். அடைப்பு திறந்துவிட்டது. காக்கா, மிக்ஸி, பக்கத்து வீட்டு டிவி எல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தன. கழுத்துக் கட்டியும் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. சொன்னால் கேட்கும் நோய் என்றது சரிதான்.

குளியலறையில் இவர் குழாயைத் திறந்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். இத்தனை நாள் எனக்குக் கேட்டிருக்காது. சளி பிடித்திருக்கிறது போல. வெந்நீர் வைத்துக் குடிக்கச் சொன்னேன். "எனக்கென்ன சளி?" என்றார். கண் சிவந்திருந்தது. சளியேதான்.

மார்ச் 29

ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்டும் தேர்வு. ஃபெயில். பின்னால் எடுக்கச் சொன்னதும் மூன்று முறை வண்டியை அணைத்துவிட்டார். எங்கள் ஸ்கூல் ஆள் முதல் முறையிலேயே தோற்பது நான்கு வருடத்தில் இதுதான் முதல். பிரேமலதாவுக்கும் ஆச்சரியம். "அக்கா, நேத்து மாமா நல்லாத்தானே ரிவர்ஸ் எடுத்தாரு?"

பயமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 15

கரண்ட் ஆரம்பம். முகத்துக்கு அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் வலை செய்திருக்கிறார்கள். அதை மாட்டி மேசையோடு பூட்டிவிடுகிறார்கள். பதினைந்து நிமிடம் அசையக்கூடாது, பேசக்கூடாது. இரண்டாவதுதான் கஷ்டம்.

வெளியே வந்ததும் இவர் முகமூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மூக்கு உன்ற மூக்கேதான்" என்றார்.

ஏப்ரல் 26

இரண்டாவது தேர்வு. நட்டுவைத்த கம்பத்தை இடித்துத் தள்ளினார். ஃபெயில். வீட்டுக்கு வரும்வரை அவர் பாட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தோற்றவர் முகமாகவே இல்லை.

மே 6

வாயெல்லாம் புண். தண்ணீர் குடித்தால் மிளகாய்த்தூள் கரைத்துக் குடித்த மாதிரி இருக்கிறது. இவர் டாக்டரிடம், "கோமாரி வந்த மாட்டுக்கு இப்பிடித்தானுங்க ஆவும். சோடா மாவும் உப்பும் தண்ணில போட்டு வாயக் கழுவி உடுவோம்" என்றார். எனக்கு மானம் போயிற்று.

டாக்டர் பேனாவை எடுத்து எழுதினார். "நாங்களும் அதேதாங்க குடுக்கறோம். உப்பு, சோடா மாவு. ஒரு நாளைக்கு ஆறு தடவை."

வீடு வந்து சேரும்வரை இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே ஓட்டினார்.

மே 13

மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டுவிட்டார்கள். கஞ்சி, பால், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சிரிஞ்சில் அதன் வழியாகப் போகிறது. ஏற்றுகிறவர் இவர்தான். எதையும் சிந்துவதில்லை. ருசி தெரியாத எனக்காக, ஏற்றும் முன் ஒவ்வொரு முறையும் தாமே ஒரு வாய் குடித்து, "உப்பு செரியா இருக்குது" என்கிறார்.

குரலும் போய்விட்டது. சிலேட்டும் பல்பமும் வாங்கி வந்தார். வண்டியில் டேஷ்போர்டைத் தட்டிச் சொல்கிறேன். ஒரு தட்டு கிளச், இரண்டு தட்டு பிரேக், தொடர்ந்து தட்டினால் திட்டு என்று அவராகவே புரிந்துகொண்டார். "இப்பத்தான் நல்லாச் சொல்லித் தர்ற" என்றார். தொடர்ந்து தட்டினேன்.

மே 21

இன்று வாரக் கீமோவும் கரண்டும் ஒரே நாள். திரும்பும்போது தூங்கிவிட்டேன். பயிற்சி வண்டியில் நான் தூங்கியது வாழ்க்கையில் முதல் முறை.

கண் விழித்தால் வீட்டு முன்னால் நிற்கிறது. எங்கள் சந்தில் ஒரு பக்கம் எதிர்வீட்டு புல்லட், ஒரு பக்கம் தண்ணீர் டிரம். நடுவில் வண்டி நுழைய ஒரு சாண் மிச்சம் இருந்தால் அதிகம். பிரேமலதாவே அங்கே ரிவர்ஸ் எடுக்க யோசிப்பாள். வண்டி பின்பக்கமாக, கோடு போட்ட மாதிரி உள்ளே நின்றிருந்தது. இரண்டு பக்கமும் ஒரு கீறல் இல்லை.

யார் நிறுத்தியது என்று சைகையில் கேட்டேன்.

"அதுவா வந்துருச்சு" என்றார்.

மே 24

மூன்றாவது தேர்வு. ரிவர்ஸ் வரவில்லை என்று ஃபெயில்.

மே 29

முப்பத்திமூன்றாவது கரண்ட். முடிந்தது. இனி மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார்களாம். சிஸ்டர் ஜிஷா கட்டிப்பிடித்தாள். இவருக்கும் கை கொடுத்து, "சேட்டன் நல்ல நர்ஸாணு" என்றாள்.

ஜூன் 2

இன்று சிலேட்டில் எழுதிக் கேட்டேன்.

வேணும்னுதானே ஃபெயில் ஆனீங்க?

வேட்டி மடித்துக்கொண்டிருந்தார். படித்தார். சிலேட்டைத் துடைத்து ஓரமாக வைத்தார். மறுபடி எடுத்து அதையே எழுதினேன், பெரிய எழுத்தில்.

"நீ என்னைய எதுக்கு ஓட்டப் பழக்குன?" என்றார்.

ஆஸ்பத்திரி போக, என்று எழுதினேன்.

"ஆஸ்பத்திரிக்கு மட்டுமா? கேஸு புக் பண்ண, துணி தொவைக்க, வரி கட்ட, ரசம் வெக்க... நாப்பது பக்கம் எழுதிக் குடுத்த. அதுல கடைசிப் பக்கத்துல வருசத் தெவசத்துக்கு எந்த ஐயரக் கூப்புடோணும்னு வேற எழுதி வெச்சிருக்கற. யாருக்குத் தெவசம்?"

உங்கம்மாவுக்கு என்று எழுதினேன்.

"எங்கம்மாவுக்கு நாந்தானே வருசா வருசம் கூப்புடறேன்!"

பல்பத்தைக் கீழே வைத்தேன்.

"இருவத்தியெட்டு வருசமாப் பாக்கறேன் புள்ள. ஒருத்தனுக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்துட்டா மக்கா நாளு அவன் ரோட்டுல வணக்கம் போட்டாலும் யாருன்னு கேப்ப. வேலை முடிஞ்சுதுன்னா நீ அங்க நிக்கமாட்ட. எனக்கு எல்லாஞ் சொல்லிக் குடுத்துட்ட. இது ஒண்ணுதான் பாக்கி. இதையும் நா பாஸாகித் தொலச்சா..."

வேட்டியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

சிலேட்டில் 'லூசு' என்று எழுதினேன். அவர் பார்ப்பதற்குள் துடைத்துவிட்டேன். பிறகு எழுதினேன்: ஸ்கேன் முடிவு வந்த மறுநாள் பாஸ் ஆகோணும்.

"முடிவு எப்பிடி வந்தாலுமா?"

எப்படி வந்தாலும் என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "செரி" என்றார்.

கரண்ட் வைத்ததில் கண்ணும் கலங்குகிறது. அடுத்த முறை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 30

குழாயை எடுத்துவிட்டார்கள். வாய் வழியாக அரை டம்ளர் மோர். குரல் வந்திருக்கிறது, பழுதான ஹாரன் மாதிரி. அந்தக் குரலில் முதலில் சொன்னது: "ஏனுங்க, மோருல உப்பே இல்ல."

ருசி தெரிகிறது என்று இவர் பிரேமலதாவுக்கு, சிஸ்டர் ஜிஷாவுக்கு, உடுமலைச் சித்திக்கு எல்லாம் ஃபோன் போட்டார். உப்பு போட யாருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 21

ஸ்கேன் எடுத்தாயிற்று. நாளை மறுநாள் வரச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் இருக்கிறேன். சமையலறை அலமாரியை இரண்டு முறை துடைத்தேன்.

ஆகஸ்ட் 23

டாக்டர் சுபாஷிணி கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். ஜனவரி ஸ்கேனில் பல்பு மாதிரி எரிந்த இடம் இப்போது இருட்டாக இருக்கிறது.

"இப்போதைக்கு எங்கயும் நோய் தெரியலீங்கம்மா. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டோணும். அஞ்சு வருசம் பாப்போம்."

அஞ்சு வருசம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் இவர் எழுந்து நின்று டாக்டரைக் கும்பிட்டார். பிறகு கம்ப்யூட்டரையும் கும்பிட்டார். பிறகு கதவு என்று நினைத்து டாக்டரின் அலமாரியைத் திறந்தார்.

ஆகஸ்ட் 24

சொன்ன சொல் தவறாமல் காலையிலேயே தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பிவிட்டார். எல்.எல்.ஆர். நாளையோடு காலாவதி. இன்று விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் வண்டியில் ஏறினார். கண்ணாடி சரி செய்தார், பெல்ட் போட்டார். எல்லாம் முறையாக. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கிளச்சை விட்டார். வண்டி ஒரு துள்ளு துள்ளிப் பாய்ந்தது. முதல் கம்பம் போயிற்று. இரண்டாவது போயிற்று. "ஹோ... ஹோ..." என்ற சத்தம் எனக்கே கேட்டது. இன்ஸ்பெக்டர் ஐயாவின் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறித்தான் நின்றது. ஐயா அப்போதுதான் ஃபோன் பேசுவதற்காக எழுந்து போயிருந்தார்.

ஐயாவே நாற்காலியின் நான்கு காலையும் நான்கு இடத்திலிருந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். "ஏங்கம்மா, போன மூணு தடவை எவ்வளவோ தேவலீங்களே" என்றார்.

இவர் இறங்கி வந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"வேணும்னே பண்ணுனீங்களா?" என்றேன்.

"சத்தியமா இல்ல புள்ள. இன்னைக்கு நெசமாலுமே பாஸாகத்தான் பாத்தேன். காலு என்ற பேச்சக் கேக்கல. நேத்துப் புடிச்சு ஒடம்பெல்லாம் ஒரே ஆட்டமா ஆடுது."

சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்தால் வறண்ட தொண்டை பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருந்தோம். பிரேமலதா வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

மத்தியானம் ஸ்கூலில் பிரேமலதா சேர்க்கைப் படிவத்தை எடுத்து வைத்தாள். இவர் இதுவரை முறையாகச் சேரவே இல்லையாம், அதனால்தான் இப்படி ஆகிறதாம். பெயர், வயது, ரத்த வகை எல்லாம் கேட்டு எழுதினாள். பயிற்சிக் காலம் என்ற இடத்தில் பேனா நின்றது. எல்லோருக்கும் இருபது நாள்தான் போடுவது.

"எத்தன நாளு போடட்டுங் அக்கா?"

இவர் என்னைப் பார்த்தார்.

"அஞ்சு வருசம் போடு பிரேமா" என்றேன். "பத்தலீன்னா அப்புறம் சேத்திக்கலாம்."